சாரம் கட்டத் தெரிந்தவனுக்கு வார் எதற்கு?

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, பகலில் கொலிஜ், மாலையில் வேலை, இடையில் பஸ் என்று நான் ஓடிக்கொண்டிருந்த காலம். எலெக்ட்ரோனிக்ஸ் இரண்டாம் வருடம். எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது எனக்கு. சோற்றைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுவேன். ஒரு யோசனை வந்தால் அது முடியும்வரை கை சும்மா இராது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. ஸ்ரௌவ்வில் பக்கம் ஒருவர் பழைய ஒசிலஸ்கோப் ஒன்று விற்கிறார் என்று பேப்பரில் பார்த்தேன். மின்னலையைத் திரையில் காட்டும் கருவி, எங்கள் ப்ரொஜெக்டுக்கு அது வேண்டும். அத்தானின் காரை வாங்கிக்கொண்டு, ப்ரொஜெக்டில் என் பங்காளியான நண்பனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு பக்கமும் வெறும் பனி வயல். வேறு வாகனமே இல்லை.

"மெதுவாப் போடா, ரோட்டு மினுங்குது" என்று அவன் இரண்டு தரம் சொன்னான். எனக்குத் தெரியும் என்றேன். அடுத்த வளைவில் கார் ஒரு சுற்றுச் சுற்றி, அவன் இருந்த பக்கத்தால் போய்க் கம்பத்தில் மோதியது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அவனுக்கு வலது கால், முழங்காலுக்குக் கீழே மூன்று இடத்தில் முறிவு.

வந்து பார்த்த எல்லோரும் "ஐஸ், என்ன செய்யிறது" என்றார்கள். நானும் ஐஸ் என்றேன். அவனும் ஐஸ் என்றுதான் சொன்னான். எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று எங்கள் ஆட்கள் ஒருவரும் கேட்கவில்லை. கேளாததை நானும் சொல்லவில்லை.

அவனுடைய காலுக்கு மாவுக்கட்டுப் போடவில்லை. காலைச் சுற்றி நான்கு இரும்பு வளையங்கள், அவற்றிலிருந்து எலும்புக்குள் போகும் மெல்லிய கம்பிகள் என்று ஒரு சட்டம் பூட்டி விட்டார்கள். கோடை வரும்வரை அப்படித்தான் என்றார்கள். முதல் தரம் பார்த்தபோது எங்கள் ப்ரொஜெக்ட் பெட்டி மாதிரி இருக்கிறது என்று பகிடி விட்டேன். அவன் சிரித்தான். அவனுடைய அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவனுடைய அம்மா, எனக்கு அன்ரி, என்னோடு கதைக்கவில்லை. பேக்கரி ஒன்றில் காலை ஷிப்ட் வேலை அவருக்கு. பின்னேரம் நான் போனால் கதவைத் திறப்பார், என் முகத்தைப் பாராமல் விலகி நிற்பார். சிறிது நேரத்தில் தேத்தண்ணி வரும். வார்த்தை வராது. ஏசியிருந்தால்கூடச் சுகமாக இருந்திருக்கும்.

நண்பனுக்குக் காற்சட்டைதான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. எந்தக் காற்சட்டையும் அந்த வளையங்களுக்கு மேலால் ஏறவில்லை. பக்கத்தில் முழுக்கப் பொத்தான் வைத்த விளையாட்டுக் காற்சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதுவும் பாதிக்கு மேல் பூட்டவில்லை. கிழிந்த கூடாரம் மாதிரித் தொங்கியது. "ஆஸ்பத்திரியிலை இருந்து ஓடி வந்தவன் மாதிரி இருக்கு" என்று கழற்றி எறிந்துவிட்டான். வீட்டில் லுங்கி மாதிரிச் சுற்றிச் செருகும் சாரம் கட்டிக்கொண்டிருந்தான். வெளியே போவதென்றால் ஆஸ்பத்திரிக்கு மட்டும், போர்வையைச் சுற்றிக்கொண்டு.

ஏப்ரலில் எங்கள் ப்ரொஜெக்டை மூன்று ஆசிரியர்கள் முன்னால் செய்து காட்டவேண்டும். அவனுக்காகத் தனியாகப் பேசிப் பார்த்தேன். பாடங்களை வீட்டிலிருந்து எழுதி அனுப்பலாம், ஆனால் அன்றைக்கு ஆள் நேரில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த வருடம் போனதுதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

"சாரத்தோட வா. யார் உன்னைப் பாக்கப் போகினம்?" என்றேன்.

"நீ போவியோ?"

"போவன்."

"போடா விசரா. உனக்குக் கால் ரெண்டும் சரி. நீ சாரத்தோட போனா ஸ்ரைல் எண்டுவினம். நான் போனா பாவம் எண்டுவினம். நான் வரேல்ல, நீயே போய்ச் செய்."

என்னால் போனது அவனுடைய கால். இப்போது வருடமும் போகப் போகிறது. எனக்கு நித்திரை வரவில்லை.

மார்ச் நடுவில் ஒரு நாள், கெனடி ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். முன்னால் ஒரு வெள்ளைக்கார இளைஞர், முப்பது வயதிருக்கும். தடித்த சப்பாத்து, தோளில் வேலைக் கருவிகள் வைத்த பை, இடுப்பில் காக்கிக் கன்வஸில் ஒரு கில்ட், ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை. அவர்களுடைய கல்யாண வீடுகளில் பார்க்கும் கட்டம் போட்ட கம்பளிக் கில்ட் இல்லை. வேலைக்குப் போட்டு அடித்த, பொக்கெட் வைத்த, சாதாரணக் கில்ட். ஊரே பார்க்க அவர் பாட்டில் நிற்கிறார். பாவம் என்று யாராவது அவரை நினைப்பார்களா?

ஓடிப்போய் மறித்தேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், தானே தைத்ததாம். இது நாலாவதாம். முதல் மூன்றும் ஒவ்வொரு விதமாகப் பிழைத்ததாம். என் நண்பனின் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அந்த ஸ்டேஷன் இருக்கை வாங்கில் பையை வைத்துவிட்டு, இடுப்பில் இருந்த பக்கிள்களைக் கழற்றி, கில்ட்டை எடுத்து என் கையில் தந்துவிட்டார்! உள்ளே அரைக் காற்சட்டை போட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு கணம் என் சீவன் போய் வந்தது.

அந்தக் குளிரில் வெறும் முழங்காலோடு அவர் வாங்கில் இருந்தார். நான் கில்ட்டை விரித்து வைத்து, கொலிஜ் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு மடிப்பையும் அளந்து கீறினேன். முன்பக்கம் மடிப்பில்லாத தட்டையான துணி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. மடிப்பெல்லாம் பின்பக்கம். திறப்பது வலப்பக்கத்தால். நண்பனின் காலும் வலதுதான், துள்ளிக் குதிக்காத குறை எனக்கு. மூன்று பஸ் போய்விட்டது. கடைசியாக இரண்டு விஷயம் மட்டும் சொன்னார். தைத்து முடிக்கமுதல் அவனை அதோடு உட்காரவைத்துப் பார். பக்கிள் வார் இரண்டையும் நல்ல பலமாக வை.

முதலாவதை மறந்தேன். இரண்டாவதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தேன். இடுப்பில் துணி நிற்க வாரும் பக்கிளும் வெள்ளைக்காரனுக்குத்தான் வேண்டும். நாங்கள் சாரம் கட்டி வளர்ந்த ஆட்கள். ஒரு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு செருகல், முடிந்தது. எங்களுக்கா சொல்லித் தருகிறார்?

குயின் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கி, கடும் சாம்பல் நிறக் கன்வஸ் ஒன்று கண்டுபிடித்தேன். அக்கா சீலைச் சட்டை தைக்கும் மெசினில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட நாளில் கால்பந்துக் கொடி தைத்ததுதான் என் அனுபவம். முதல் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு ஊசி முறிந்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். "என்னடா, பாவாடையோ தைக்கிறாய்?"

"கில்ட் அக்கா."

"சீலைக்குக் கொய்யக மடிப்பு முன்னாலை வரும். உவைக்குப் பின்னாலையோ? இருக்கேக்கை குத்தாதோ?"

"உங்களுக்கு விளங்காது அக்கா."

"எனக்கு விளங்காட்டிப் பரவாயில்லை. என்ரை மெசின் பாவம், அதுக்கு விளங்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தடித்த ஊசி ஒன்றை எடுத்துத் தந்துவிட்டுப் போனார்.

இரண்டு வார இறுதியில் முடித்தேன். இருபது மடிப்பு. ஒவ்வொன்றும் கால்குலேட்டரில் கணக்குப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டு. வார் இல்லை. அதற்குப் பதிலாக, சுற்றிச் செருக இடுப்பில் ஒரு முழம் துணி கூடுதலாக விட்டேன். நானே கட்டிக்கொண்டு அறைக்குள் நடந்தேன், குதித்தேன், கட்டிலுக்கு மேல் ஏறி இறங்கினேன். அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கொண்டுபோனேன். வியாழக்கிழமை ப்ரொஜெக்ட் நாள். அன்ரி கதவைத் திறந்து, வழக்கம்போல விலகி நின்றார். நண்பன் அதை விரித்துப் பார்த்தான்.

"என்னடா உது?"

"கட்டிப் பார். கதையாதை."

நானே கட்டிவிட்டேன். வலப்பக்கத் திறப்புக்குள் இரும்புச் சட்டம் அழகாக அடங்கியது. கண்ணாடி முன்னால் ஊன்றுகோலோடு நின்று தன்னைப் பார்த்தான். இப்படித் திரும்பினான், அப்படித் திரும்பினான். "கறுப்புச் சப்பாத்துப் போட்டால்..." என்றான். அவன் தன்னைப் பற்றி அப்படிக் கதைத்துப் பல மாதம். உடனே நான், வா கீழே போய் வருவம் என்று இழுத்தேன். எனக்குத்தான் பொறுக்காதே!

கொரிடோரில் பாதி தூரத்தில் செருகல் இளகத் தொடங்கியதாம். அவன் சொல்லவில்லை. லிப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே வேலைக்குப் போய் வந்த எங்கள் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர். அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்த இருபது மடிப்பின் பாரமும் சேர்ந்து இழுக்க, கில்ட் மொத்தமாகச் சரிந்தது. நிலத்தில் விழவுமில்லை. வளையத்தில் போய் மாட்டி, கம்பியை இழுத்தது. அவன் வலியில் கத்தினான். பிடிக்கக் கை இல்லை. இரண்டு கையும் ஊன்றுகோலில். ஒன்றை விட்டால் ஆளே விழுவான். உள்ளாடையோடு அப்படியே நின்றான்.

அந்தப் பெண்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் லிப்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கதவு மூடும்வரை அந்தப் பக்கமே பார்த்து நின்றார்கள். அவர்கள் யாரென்று தெரியாது. அந்த முதுகுகளுக்கு இன்றைக்கும் நன்றி சொல்லுகிறேன்.

"தூக்கு" என்றான் நண்பன். தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வீட்டுக்குள் போய் அறைக் கதவைச் சாத்தமுதல் ஒன்று சொன்னான்: "உன்ரை அவசரத்துக்கு எப்பவும் நான்தான் விழுறன்."

காரைப் பற்றி அவன் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

நான் வெளியே வந்து படிக்கட்டில் இருந்தேன். வீட்டுக்குப் போகவும் மனமில்லை, திரும்பப் போகவும் முகமில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அன்ரி. கையில் கில்ட். முகத்தில் எறியப் போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, உதுக்கு ஏன் வார் வைக்கேல்ல?" என்றார்.

மூன்று மாதத்தில் முதல் வார்த்தை. "சாரம் மாதிரிச் செருகினா நிக்கும் எண்டு நினைச்சன் அன்ரி. நான் கட்டிப் பாத்தனான், நிண்டது."

"உம்மடை கை சும்மாவோ இருந்தது?"

நான் என் இரண்டு கையையும் பார்த்தேன்.

"சாரம் தானா நிக்கிறேல்ல தம்பி. கட்டியிருக்கிறவர் அடிக்கடி இழுத்துச் செருகிக்கொண்டுதான் இருப்பார், தனக்கே தெரியாது. இவனுக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தரம் நான்தான் கட்டி விடுறன். நீர் வாற நேரம் அவன் கதிரையை விட்டு எழும்பமாட்டான். அதுதான் உமக்குத் தெரியாது."

என் அறைக்குள் குதித்துக் குதித்துப் பார்த்தபோது, என் கை எத்தனை தரம் இடுப்புக்குப் போய் வந்ததோ! இருபது மடிப்பைக் கணக்குப் பார்த்த எனக்கு, அவனுக்குக் கை இல்லை என்ற ஒரு கணக்கு வரவில்லை. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"நாளைக்குப் பின்னேரம் மெசினைக் கொண்டு வாரும்" என்றுவிட்டு உள்ளே போனார்.

திங்கள் பின்னேரம் அக்காவின் மெசினைத் தூக்கிக்கொண்டு போனேன். குசினி மேசையில் அதை வைத்து, பழைய பை ஒன்றின் வாரைக் கழற்றுவதா, கடையில் வாங்குவதா என்று நானும் அன்ரியும் யோசித்துக்கொண்டிருந்தபோது, அறைக் கதவு இடுக்கால் ஒரு தோல் பெல்ட் பறந்து வந்து விழுந்தது. பின்னால் இன்னொன்று.

"வெட்டுங்கோ" என்றான் உள்ளே இருந்து. "காற்சட்டை இல்லாதவனுக்குப் பெல்ட் என்னத்துக்கு?"

பிறகு அவனே வந்து கதிரையில் உட்கார்ந்தான். ஸ்டேஷனில் அந்த மனிதர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அரைகுறையாகக் கட்டிவிட்டு உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தால் ஆயிரம் பிழை! நான் என்னுடைய இடுப்புக்கு அளந்திருந்தேன். அவன் பாதியாக மெலிந்திருந்தான். மடிப்பு ஒன்று மேல் வளையத்தில் மாட்டியது. முன்துணி முழங்காலுக்குக் கீழே இறங்கி ஊன்றுகோல் நுனியில் சிக்கியது. அக்கா சொன்ன மாதிரி, பின்னால் குத்தவும் செய்தது.

ஒவ்வொன்றாகப் பிரித்தோம். வலப்பக்கத்து மடிப்பு மூன்றை எடுத்துவிட்டுத் தட்டையாக விட்டோம். கீழ்விளிம்பை இரண்டு விரலளவு உயர்த்தினோம். கம்பியில் கன்வஸ் மாட்டாமல் வழுக்கிப் போக, அன்ரி தன்னுடைய வழுவழுப்பான சாட்டின் உட்பாவாடை ஒன்றை வெட்டி உள்ளே பிடித்தார். கடும் நீலம். "வெளியிலை தெரிஞ்சுதோ, உங்களைக் கொல்லுவன்" என்றான் நண்பன். மடிப்பை நிலைநிறுத்த இடுப்பிலிருந்து கீழே ஒரு சாண் தைத்து இறக்கினோம், பிறகு அது குத்தவில்லை. பெல்ட்டில் வெட்டியெடுத்த வார்கள் இரண்டு. உள்துணிக்கு இடப்பக்கம் ஒன்று, வெளித்துணிக்கு வலப்பக்கம் ஒன்று. தோலை மெசின் எடுக்காது. கையால்தான் தைக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை அந்த வார்களை அன்ரியும் நானும் ஆளுக்கொன்றாகத் தைத்துக்கொண்டிருந்தோம். நண்பன் களைத்துப் படுத்துவிட்டான். நான் எதையும் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"அன்ரி, அண்டைக்கு ஐஸ் மட்டும் இல்லை. நான் வேகமா ஓடினனான். அவன் மெதுவாப் போகச் சொன்னவன். ரெண்டு தரம் சொன்னவன்."

அவர் தைத்துக்கொண்டே இருந்தார். ஊசி தோலுக்குள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அவன் இண்டைவரைக்கும் ஐஸ் எண்டுதான் சொல்லுறான்" என்றார் கடைசியில். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு தன் ஊசியையும் நூலையும் என் பக்கம் நீட்டினார். "கோத்துத் தாரும் தம்பி. எனக்குக் கண் தெரியேல்ல."

கோத்துக் கொடுத்தேன். எனக்கும்தான் கண் தெரியவில்லை. நாலைந்து தரம் முயன்றுதான் நூல் காதுக்குள் போனது.

வியாழக்கிழமை டாக்சியில் போனோம். ஏப்ரல் காற்று ஆளைத் தூக்கும் காற்று. கறுப்புச் சப்பாத்து, வெள்ளைச் சேர்ட், சாம்பல் கில்ட். ஊன்றுகோலில் அவன் கொலிஜ் கொரிடோரால் வர, பொடியன்கள் விலகி வழி விட்டார்கள். ஒருவன் விசில் அடித்தான். நண்பன் திரும்பி ஒரு கும்பிடு போடப் பார்த்து, கை இல்லாததால் தலையை மட்டும் ஆட்டினான்.

செய்து காட்டிய நாற்பது நிமிடமும் நான் ப்ரொஜெக்டைப் பார்க்கவே இல்லை. அவனுடைய இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு இடத்தில் நான் சொல்லவேண்டியதை மறந்து நிற்க, அதையும் அவன்தான் சொன்னான். முடிந்ததும் ஓர் ஆசிரியர், தன் குடும்பமும் ஸ்கொட்லாந்திலிருந்து வந்ததுதான், இப்படி ஒன்று எங்கே வாங்கலாம் என்று கேட்டார். நண்பன் ஊன்றுகோலால் என்னைச் சுட்டிக் காட்டி, இவனும் என் அம்மாவும் தைத்தது, ஆனால் ஓடர் கொடுத்தால் இரண்டாம் தரம்தான் சரியாக வரும் என்றான்.

வீட்டுக்கு வந்தோம். அன்ரி வாசலிலேயே நின்றார்.

"என்ன மாதிரி?"

"கழரேல்ல அம்மா" என்றான்.

"டேய், நான் சோதினையைக் கேக்கிறன்."

"அதுவும் கழரேல்ல."

அன்ரி சிரித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு என் முன்னால் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். "ரெண்டு பேரும் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது" என்றார். அன்றைக்கு நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஜூலையில் அந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகும் அந்தக் கோடை முழுக்க அவன் கில்ட்டோடுதான் திரிந்தான், காற்றோட்டம் நல்லதாம். இப்போது நன்றாக நடக்கிறான், குளிர் கூடினால் வலது காலை ஒரு சொட்டு இழுப்பான். அது நான் செய்தது. எந்தத் தையலாலும் அது சரியாகாது. மன்னித்துவிட்டோம் என்று அந்த வீட்டில் இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் உண்மையைச் சொன்ன பிறகும் என்னை எழுந்து போகச் சொல்லாமல், மிச்சத் தையலையும் தைத்து முடிக்க விட்டார்களே, அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.